கோலா திராங்கானுவில் ஒரு வெள்ளிக்கிழமை

பிள்ளைகளா, உங்கள் மேனேஜர் என்னை இந்த நாற்காலியில் உட்காரவைத்து, "மேடம், உங்க அனுபவத்தை நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார். நாலு வார்த்தையோடு நிறுத்தும் பழக்கம் எனக்கு வேலையில் இருந்தபோதே கிடையாது. ரிட்டையர் ஆன பிறகு எங்கிருந்து வரப்போகிறது? கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் போடுவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. நாங்கள் ஒரு சீட்டை உறுதி செய்ய அரை நாள் டெலிபோனைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள். நீங்கள் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. போகப்போகிறவருக்கு, அவர் போகப்போகும் ஊரை எப்படிச் சொல்வது என்பது. நான் பார்க்காத ஊர்களைப் பற்றிப் பேசியே முப்பது வருஷம் பிழைத்தவள். பார்க்காத ஊரைச் சொல்வதில் ஒரு நன்மை உண்டு. நமக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர் வராது.

எண்பதுகளில் எங்கள் டிராவல்ஸ் மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. கீழே பாத்திரக் கடை. மேலே நாங்கள். எனக்கு வீடு இரும்புலியூர் என்பதால் நடந்தே வந்துவிடுவேன். வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள்தான் எங்களுக்குப் படியளந்தார்கள். எங்கள் மேனேஜர் நல்ல படிப்பாளி. டிக்கெட்டைக் கையில் கொடுப்பதற்கு முன்னால், போகிற ஊரைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுவார். அந்த நாளில் வேறு எந்த டிராவல்ஸிலும் இது கிடையாது. இதற்காகவே லைப்ரரிக்குப் போய்ப் படித்துவிட்டு வருவார்.

கோலா திராங்கானு என்ற ஊருக்கு அவர் சொல்லும் விவரம் எனக்கு மனப்பாடம். "மலேசியாவோட கிழக்குக் கரை. திராங்கானு மாநிலத்தோட தலைநகரம். ஆறு கடல்ல சேர்ற இடம். சுல்தான் அரண்மனை இருக்கு. மீன்பிடி, படகு கட்டறது, துணி நெய்யறது எல்லாம் பழைய தொழில். இப்ப கடல்ல எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கறாங்க. ஜனங்க பெரும்பாலும் மலாய்க்காரங்க." இதைச் சொல்லிவிட்டுக் கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்து, "மலேசியாதானே, கவலைப்படாதீங்க. எங்க போனாலும் தமிழ் இருக்கும்" என்பார்.

அந்தக் கடைசி வரிதான் வினை. பினாங்கு, கிள்ளான் என்று மேற்குப் பக்கம் போனவர்கள் வந்து சொன்ன கதையை வைத்து மொத்த நாட்டையும் அளந்துவிட்டோம். நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. நமக்கு மலேசியா என்றால் மாமா வீடு மாதிரி ஒரு நினைப்பு.

தப்பைச் சொல்ல ஸ்டெல்லா வந்தாள். ஸ்டெல்லா எங்கள் தெருப் பெண், நர்ஸ். அந்த ஊரில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்துவிட்டு ஒப்பந்தம் முடிந்து திரும்பியிருந்தாள். நேரே எங்கள் மாடி ஏறி, மேனேஜர் முன்னால் வந்து நின்றாள்.

"சார், எங்க போனாலும் தமிழ் இருக்கும்னீங்களே. மாசக் கணக்குல நான் தமிழே கேக்கல. கடைக்கு அங்க கெடாய்னுதான் சொல்றாங்க. கப்பலுக்கும் காப்பால்தான். அந்த ரெண்டு வார்த்தைய வச்சுக்கிட்டு நான் குடித்தனம் பண்ண முடியுமா?"

மேனேஜர் முகம் சுண்டிப்போயிற்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வேலை போய்விடும் என்று, "ஸ்டெல்லா, முதல்ல உக்காரு, காப்பி சாப்பிடு. நாங்க சொல்லாம விட்டது இன்னும் என்னென்ன?" என்று கேட்டேன். அவ்வளவுதான். காப்பி ஆறிப்போகிற வரைக்கும் பேசினாள்.

அந்த ஊருக்கும் நம் ஊர் மாதிரியே கடல் கிழக்கில்தான். சூரியன் கடலிலிருந்துதான் எழும். மழையும் நமக்கு வருகிற அதே வடகிழக்குப் பருவமழைதான். ஆனால் நமக்கு ஓய்கிற நேரத்தில் அங்கே உச்சத்துக்குப் போகும். படகு கரையேறிவிடும், சாலை மூழ்கும், பஸ் நிற்கும். வார விடுமுறை ஞாயிறு இல்லை, வெள்ளி. மத்தியானத் தொழுகை நேரத்தில் ஊரே அடங்கிவிடும். புதிதாகப் போகிறவர் ஊரைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்களோ என்று பயப்படுவார். ஆற்றங்கரையில் பெரிய சந்தை. கீழே மீன், காய்கறி, மீனை மாவில் பிசைந்து பொரிக்கிற அப்பளம். மேலே துணிக்கடைகள். "அந்தச் சந்தைய நடத்துறது முழுக்க பொம்பளைங்கக்கா. கல்லாவுலயும் அவங்கதான், பேரம் பேசறதும் அவங்கதான். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப கஞ்சி கொண்டுவந்தது அங்க அப்பளம் விக்கிற ஒரு அம்மாதான். மக் சோம்னு கூப்பிடுவோம். மக்னா அம்மா" என்றாள்.

அவள் போன பிறகு மேனேஜர் மேஜையைப் பூட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் புது நாற்காலி ஒன்று வந்து இறங்கியது. "இனிமே லீவுல வர்றவங்க யாரா இருந்தாலும் இதுல உக்கார வையி. காப்பி குடு. நாம சொல்லாம விட்டது என்னன்னு கேளு" என்றார். பெரிய மனுஷன் அவர். தன் தப்பை எடுத்துச் சொன்னவளுக்கு நாற்காலி போட்ட இன்னொருவரை நான் அதற்குப் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை. அந்த நாற்காலிதான் எனக்குப் பள்ளிக்கூடம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பெருங்களத்தூரில் சரசம்மா என்று ஒருவர். நிலம் நீச்சு உள்ள பழைய குடும்பம். பிறகு ஜி.எஸ்.டி. ரோட்டில் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டார்கள். அவர் மகன் பாஸ்கரன், கோலா திராங்கானுவுக்கு அப்பால் கடல் நடுவே எரிவாயு எடுக்கிற மேடையில் டெக்னீஷியன். பீர்க்கன்கரணையில் பெண் எடுத்தார்கள். பெண் பெயர் வசந்தா. கல்யாணமாகி சில வாரங்களிலேயே பாஸ்கரன் புறப்பட்டுப் போய்விட்டான். ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்து அவளுக்கு அங்கே தங்குகிற அனுமதி கிடைத்தது. மாதக் கடைசிக்குள் போய்ச் சேராவிட்டால் அனுமதி காலாவதி. மறுபடி ஆரம்பத்திலிருந்து அலைய வேண்டும்.

தேதி குறிப்பதில் இரண்டு குடும்பத்துக்கும் இழுபறி. பிறந்த வீட்டார், வெள்ளிக்கிழமை பெண்ணை வெளியே அனுப்ப மாட்டோம் என்றார்கள். சரசம்மா, வெள்ளிக்கிழமைதான் மருமகள் புது வீட்டில் கால் வைக்க வேண்டும் என்றார். வியாழன் இரவு புறப்பட்டால் வெள்ளி காலை கோலாலம்பூர், மத்தியானம் சின்ன விமானத்தில் கோலா திராங்கானு. இரண்டு பேர் சொன்னதும் நடக்கும். கிழக்கே போகிறவருக்கு வியாழக்கிழமை சூலமும் இல்லை. நான்தான் கணக்குப் பண்ணிக் கொடுத்தேன். ஆனால் சொல்லவேண்டியதையும் சொன்னேன்.

"அம்மா, அங்க வெள்ளிக்கிழமைதான் லீவு. ஆபீஸ் எல்லாம் மூடியிருக்கும்."

"ஆபீஸுக்கு லீவு வுட்டா இன்னா, வூட்டுக்குமா லீவு வுட்டுட்டாங்க? எம் புள்ள வந்து கூட்டிகினு போவப் போறான்" என்றார் சரசம்மா. அவர் வாய்க்கு முன்னால் நான் எம்மாத்திரம்.

டிசம்பர் மாதம். வியாழக்கிழமை மத்தியானம், ராகு காலத்துக்கு முன்னால் டிக்கெட் வாங்கிக்கொள்ள மூன்று பேரும் வந்தார்கள். வசந்தா, அவள் அப்பா, சரசம்மா. டிக்கெட்டை நான் கையில் எடுக்கிற நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. கோலாலம்பூரிலிருந்து பாஸ்கரன் கம்பெனி ஆள், தமிழ்ப் பையன். கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, ஹெலிகாப்டர் எடுக்கவில்லை, பாஸ்கரன் மேடையிலேயே மாட்டிக்கொண்டான். ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் நாளைக்குக் கரைக்கு வர வழியில்லை. குடியிருப்புச் சாவி கோலா திராங்கானு ஆபீஸில் இருக்கிறது. ஆபீஸ் சனிக்கிழமைதான் திறக்கும்.

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவர்களிடம் சொன்னேன். வசந்தாவின் அப்பா உடனே, "வேணாம்மா, தள்ளிப் போட்டுடலாம்" என்றார். கோலாலம்பூரில் ஒரு நாள் தங்கட்டுமா என்று பையனிடம் கேட்டேன். "தங்கலாம்க்கா. ஆனா ஸ்கூல் லீவு. இந்த சீட்டை விட்டா அடுத்த வாரம் வரைக்கும் பிளேன் ஃபுல். கிழக்குக் கரை ரோட்டுல தண்ணி, பஸ்ஸும் இல்ல" என்றான். ஒரு வாரம் தனியாக ஹோட்டலில் பெண்ணை விட எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்?

சரசம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பொறப்படற நேரத்துல தடங்கல். எனக்கு மனசு ஒப்பல" என்றார். அதைக் கேட்டு வசந்தா முகம் வெளுத்துவிட்டது. எனக்குப் புரிந்தது. இன்று நின்றால் பயணம் மட்டும் நிற்காது. இவள் காலடி எடுத்து வைத்ததும் தடங்கல் என்ற பேச்சு அவளோடு ஒட்டிக்கொள்ளும். நம் ஊரில் அந்தப் பேச்சுக்கு மருந்தே கிடையாது.

"அக்கா, நீங்க சொல்லுங்க" என்றாள் அவள். "ஊர் எப்படின்னு அன்னிக்கு நீங்கதானே சொன்னீங்க. நான் போலாமா, கூடாதா? மழைன்னு மட்டும் சொல்லாதீங்க. பீர்க்கன்கரணை ஏரி ரொம்புனா எங்க தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி. அதுல நடந்துதான் நான் காலேஜுக்குப் போனேன்."

நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எனக்கு அந்த ஊரைப் பத்தி புஸ்தகத்துல இருக்கறதுதான் தெரியும். ஊர் உனக்குத்தான் தெரியும். நீயே சொல்லு. நீ என்ன சொன்னாலும் அது இந்த ஆபீஸ் சொன்ன மாதிரி" என்றார். பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்கிறார் என்று அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. இல்லை, பக்கத்தில் நின்று தாங்கிக்கொண்டார் என்று பிறகுதான் உறைத்தது.

பதில் சொல்வதற்கு முன்னால் நான் மாடி இறங்கி ஓடினேன். ஸ்டெல்லா அப்போது ஸ்டேஷன் பக்கத்து நர்ஸிங் ஹோமில் வேலையில் இருந்தாள். யூனிஃபார்மோடு கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"மக் சோம் இன்னும் அந்தக் கடையில இருப்பாங்களா?"

"அவங்க எங்கக்கா போவாங்க? போன மாசம்கூட அந்த கிளினிக் பொண்ணு லெட்டர்ல எழுதியிருந்தா, மக் சோம் என்னைக் கேட்டாங்கன்னு."

"வெள்ளிக்கிழமை?"

"ஆம்பளைங்க தொழுகைக்குப் போவாங்க. அவங்க கடையிலதான் இருப்பாங்க. சாயங்காலம்தான் வூட்டுக்குக் கிளம்புவாங்க."

அப்போது முடிவு செய்தேன். பிள்ளைகளா, கவனியுங்கள். தைரியமாக இருந்ததால் முடிவு செய்யவில்லை. தெரிந்ததையும் தெரியாததையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தேன். மழை தெரியும். மூடிய ஆபீஸ் தெரியும். மத்தியானம் ஊர் அடங்கும், பிறகு விழித்துக்கொள்ளும் என்பதும் தெரியும். திறந்திருக்கிற ஓர் இடம் தெரியும். அதில் இருக்கிற மனுஷியைத் தெரிந்தவள் என் பக்கத்தில் நிற்கிறாள். தெரியாதது ஒன்றுதான், அந்த அம்மா இவளை ஏற்பாரா என்பது.

"போ" என்றேன் வசந்தாவிடம். "ஆபீஸுக்குப் போகாதே. மூடின கதவு முன்னால பெட்டியோட நிக்காதே. இறங்கினதும் வெளியே ஆள் நடமாட்டம் இல்லேன்னா பயப்படாம ஏர்போர்ட்லயே உக்காரு. தொழுகை முடிஞ்சு டாக்ஸி வரும். நேரா சந்தைக்குப் போ. ஆத்துப் பக்கத்து வாசல், அப்பளக் கடை, மக் சோம். நர்ஸ் ஸ்டெல்லா அனுப்பினான்னு சொல்லு."

ஸ்டெல்லா நாலைந்து மலாய் வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தாள். கணவனுக்கு அங்கே சுவாமி என்றுதான் பெயர் என்றதும் வசந்தாவுக்கு அந்தக் கலவரத்திலும் சிரிப்பு வந்தது. கோலாலம்பூர் பையனிடம், அவளைச் சின்ன விமானத்தில் ஏற்றிவிடும் வரைக்கும் கூடவே இருக்கச் சொன்னேன். சரி என்றான்.

சரசம்மா என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார். "யாரு பெத்த பொண்ணோ, முன்னப்பின்ன தெரியாத வூட்டுக்கு அனுப்பற. நாளைக்கு ஒண்ணுன்னா நீ பதில் சொல்லுவியா?"

"சொல்லுவேம்மா" என்றேன். வாய் சொல்லிவிட்டது.

அவர் மருமகள் தலையில் வைத்திருந்த பூவைச் சரி செய்துவிட்டு, "வா, ராகு காலம் வந்துட போவுது" என்று கூட்டிக்கொண்டு இறங்கினார்.

வெள்ளிக்கிழமை முழுக்க அந்த ஊரிலிருந்து எந்தத் தகவலும் இல்லை. எப்படி இருக்கும்? அங்கே விடுமுறை. பத்து ஊருக்கு டிக்கெட் போட்டேன், ஒன்றும் மனதில் நிற்கவில்லை. சர்ச்சுக்குப் போய் முழங்கால் போட்டேன். ஆண்டவரே, அந்தப் பொம்பளை இன்றைக்குக் கடைக்கு லீவு போட்டிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு ஜெபத்தை அவர் வேறு யாரிடமிருந்தும் கேட்டிருக்க மாட்டார்.

சனிக்கிழமை காலையில் நான் வந்தபோது சரசம்மா எனக்கு முன்னால் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து, எங்கள் காப்பி நாற்காலியில் உட்கார்ந்தார். காப்பி வேண்டாம் என்றார். பேச்சும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவருக்கு முதுகு காட்டி வேலை செய்கிற மாதிரி நடித்தேன்.

டெலிபோன் அடித்தது. வசந்தா.

"அக்கா, நல்லாயிருக்கேன். ஆபீஸ்லர்ந்து பேசறேன், சாவி குடுத்துட்டாங்க. ராத்திரி மக் சோம் வூட்டுலதான்..."

அதற்கு மேல் எனக்குக் கேட்கவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. சரசம்மா எழுந்து வந்து போனைப் பிடுங்கிக்கொண்டார். உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி, ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னாடி, வெள்ளிக்கிழமை வூட்டுக்குள்ள கால் வச்சியா இல்லியா?"

அந்தப் பக்கம் வசந்தா ஏதோ சொன்னாள். சரசம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "தண்ணியா? யாரு, அந்தம்மாவே மொண்டு ஊத்துனாங்களா?" என்றார். பிறகு, "வெளக்கு வச்சிட்டாங்களா அப்ப?" என்றார். அப்புறம் குரல் இறங்கி, "சரி. சரிம்மா. பத்ரமா இரு" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தக் காப்பி எங்க?" என்றார்.

முழு விவரத்தை வசந்தா பிறகு லீவில் வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள். விமானம் இறங்கியபோது நல்ல மழை, வெளியே ஓர் ஆள் இல்லை. அழுகை வந்ததாம். பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். தொழுகை முடிந்து டாக்ஸி வந்திருக்கிறது. சந்தையில் ஆற்றுப் பக்கத்து வாசலில் நின்று ஸ்டெல்லா பெயரைச் சொன்னதும், ஒரு அம்மா எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டிருக்கிறார். பெட்டியைப் பார்த்தார், கழுத்துத் தாலியைப் பார்த்தார். "சுவாமி?" என்று கேட்டார். இவள் கடல் பக்கம் கையைக் காட்டினாள். அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த ஊரில் கடலுக்குப் போன புருஷனுக்காகக் காத்திருக்காத பெண் யார்?

சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிப்போனார். மரக் கால்கள் மேல் தூக்கிக் கட்டிய வீடு. படிக்கட்டின் அடியில் ஒரு தண்ணீர்ச் சால். உள்ளே ஏறுகிறவர் எவரானாலும் அங்கே கால் கழுவித்தான் ஏற வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். இவள் குனியப் போனபோது, பயணக் களைப்பில் வந்த பெண் என்று மக் சோமே தேங்காய்த் தொட்டியால் மொண்டு இவள் காலில் ஊற்றினாராம். மேலே விளக்குப் போட்டிருந்தார்கள். வலது காலை எடுத்து வைத்து ஏறினேன் என்றாள் வசந்தா. நான்கு நாள் கழித்து மழை விட்டு பாஸ்கரன் கரைக்கு வந்து, அதே படிகளில் ஏறி அந்த அம்மாவைக் கும்பிட்டிருக்கிறான்.

அதனால்தான் சொல்கிறேன். தலைநகரம், ஆறு, அரண்மனை எல்லாம் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் ஊரின் கதவெல்லாம் மூடியிருக்கிற நேரத்தில் எந்தக் கதவைத் தட்டலாம் என்று சொன்னால்தான் நீங்கள் ஊரைச் சொன்னதாக அர்த்தம். அது உங்கள் போனில் வராது. போய் வந்தவரை உட்காரவைத்துக் கேட்டால்தான் வரும்.

இன்னும் ஒன்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன். பொங்கல் கழிந்து சரசம்மா மறுபடி மாடி ஏறி வந்தார். கையில் கீழ்க் கடையில் அப்போதுதான் வாங்கிய பித்தளைச் செம்பு. நல்ல கனம். அன்று கோலா திராங்கானு போகிற வெல்டர் ஒருவர் எங்களிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தார். செம்பை அவர் கையில் வைத்தார்.

"சம்பந்தி வூட்டுல குடுத்துடுப்பா. தேங்காத் தொட்டியால மொண்டு ஊத்துறாங்களாம். வர்றவங்க காலு கழுவ ஒரு செம்பு இருக்கட்டும்."

வெல்டர் முழித்தார். "யாரும்மா சம்பந்தி? எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"சந்தையில, ஆத்துப் பக்கத்து வாசல்ல போய் நில்லு" என்றார் சரசம்மா. "பெருங்களத்தூர் சம்பந்தி குடுத்தனுப்பிச்சாங்கன்னு சொல்லு. அவங்களுக்குத் தெரியும்."